உரக்கடைத் தரையில் மல்லாந்து படுத்த கதை

இலுப்பூரில் எனக்கு ஓர் உரக்கடை இருக்கிறது. காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். மூட்டை எடுத்துக் கொடுக்க ஆள் உண்டு. என் வேலை பேசுவது. பயிருக்கு மட்டுமில்லை, சர்க்கரை, மூலம், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் யோசனை சொல்வேன். யாரும் கேட்டதில்லை; நானும் நிறுத்தியதில்லை.

போன ஆவணியில் ஒரு காலை, கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தேன். இடது பிட்டத்திலிருந்து குதிகால் வரை கரண்ட் அடித்ததுபோல் ஒரு வலி. சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"என்னங்க, துண்டு அம்புட்டுக் கனமா இருக்கா?" என்றாள் மனைவி.

அடுத்த ஒரு வாரம் ஊரே எனக்கு வைத்தியம் சொன்னது. ஒருவர் முருங்கைக்கீரை என்றார், ஒருவர் வேப்பெண்ணெய் என்றார், ஒருவர் சனி என்றார். இத்தனை வருடம் என் யோசனைகளைப் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கடைசியில் மனைவி புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனாள். டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு அழுந்துகிறது, ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லி பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அனுப்பினார்.

"பாயில மல்லாந்து படுங்க சார். ஒரு முழங்கால மட்டும் மெதுவா நெஞ்சுக்கு இழுத்துக்கிட்டு இருபது எண்ணுங்க. வலி கால்ல எறங்குனா உடனே நிறுத்திருங்க."

"ஊசி ஏதும் இல்லையாம்மா?"

"இல்ல சார். அரைமணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நடங்க."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய வலிக்கு இவ்வளவு சின்ன வைத்தியம் என்றால் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து சொல்வது?

இருந்தாலும் செய்தேன். ஒரு மதியம், ஆள் சாப்பிடப் போயிருந்த நேரம், யூரியா மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துக் காலை இழுத்துப் பிடித்திருந்தேன். குன்றாண்டார்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

"ஐயய்யோ, அண்ணனுக்கு வலிப்பு! இங்கிட்டு ஓடியாங்கப்பா!"

எதிர் டீக்கடையே திரண்டு வந்தது. ஒருவர் சோடாவை முகத்தில் தெளித்தார். ஒருவர் என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். எண்ணிக்கை தவறிவிடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

"இருபது" என்றேன். எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

மாதம் ஒன்று கழிந்ததும், குதிகால் வரை இருந்த வலி முழங்கால் வரை சுருங்கியது. பிறகு இடுப்போடு நின்றது. தீபாவளிக்குள் அதுவும் போனது. மறுநாளே பாயைச் சுருட்டிவிட்டேன். தையில் மீமிசலில் ஒரு கல்யாணம். மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போய், கோணலாக இறங்கினேன். காலில் விழுந்த மணமக்களைத் தூக்கக் குனியாமல் நின்றதைப் பெண்வீட்டார் திமிர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"வலி இருக்கிற வரைக்குந்தான் ஒங்களுக்குப் புத்தி இருக்கும்போல" என்று சொல்லி, மனைவியே பாயை விரித்துப் போட்டாள்.

இப்போது தினமும் கடை திறக்குமுன் கால்மணி நேரம் செய்கிறேன். வலி எப்போதாவது எட்டிப் பார்க்கும், நடந்தால் போய்விடும். சென்ற வாரம் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். படுத்து, காலை இழுத்து, எல்லாவற்றையும் செய்து காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"அதெல்லாம் சரிங்க. மாத்திரை எதச் சாப்புட்டீங்க, அதச் சொல்லுங்க" என்றார்.