வாய் மூடிப் பார்த்த ஆட்டம்

எங்கள் ஃபுட்பால் கிளப் மூன்றாம் டிவிஷனில் ஆடியது. அதற்குக் கீழே வேறு டிவிஷன் கிடையாது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு கிளப் இருப்பதே தெரியாது. அவர்கள் பெரிய ஆட்டம் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜாலான் புசார் ஸ்டேடியத்துக்குப் போவார்கள். எங்கள் ஆட்டம் ஃபேரர் பார்க் திடலில். டிக்கெட் கிடையாது, உட்கார இடமும் கிடையாது. மழை பெய்தால் சேற்றில் நின்று பார்க்க வேண்டியதுதான்.

ஐம்பதுகளின் பின்பாதியில், கல்யாணமான புதிதில் அங்கே போக ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. கிளப்பில் அவர் சென்டர் ஃபார்வர்ட். பதினோரு ஜெர்சிகளையும் எங்கள் வீட்டில்தான் துவைக்க வேண்டும் என்று எப்படியோ ஆகிவிட்டது. துவைக்கிறவள், அதைப் போட்டுக்கொண்டு இவர்கள் என்ன கிழிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? அப்படித்தான் போனேன். ஆம்பளைகள் கூடுகிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று அடுத்த வீட்டு அம்மா கேட்டார். ஜெர்சிக்குக் காவல் என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

பந்தாட்டம் எனக்குப் புதிதல்ல. பிறந்த வீட்டில் எனக்கு அண்ணன்மார் நாலு பேர். சோற்றில் கை வைத்துக்கொண்டே எது ஆப்சைடு, எது இல்லை என்று சண்டை போடுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அது இங்கே உதவியது. எங்கள் டிவிஷனுக்கெல்லாம் லைன்ஸ்மேன் தனியாக வரமாட்டார். இரண்டு கிளப்பும் ஆளுக்கு ஒருவரைக் கொடியோடு நிறுத்தும். அவரவர் கிளப்புக்குத் தகுந்தபடி அந்தக் கொடி எழும், தூங்கும். அதனால் நான் எதிர் டீமின் கடைசி டிஃபெண்டருக்கு நேராகக் கோட்டோரம் நின்றுகொள்வேன். அவர் நகர்ந்தால் நானும் நகர்வேன். பந்து கிளம்பும்போது அவரைத் தாண்டி நிற்கிறவர் ஆப்சைடு, அவர் போடுகிற கோல் செல்லாது. வீட்டுக்காரர் ஆப்சைடில் இல்லை, பந்தும் அவர் காலுக்கு வருகிறது என்றால் "போடு!" என்று கத்துவேன். உடனே கரையில் நிற்கிற எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள். போடு, போடு, போடு. வீட்டில் நான் அவரை 'சாப்பிடுங்க', 'குளிங்க' என்றுதான் சொல்வேன். திடலில் மரியாதைக்கெல்லாம் நேரம் கிடையாது.

இப்படியே சில வருஷம் ஓடியது. ஒரு சீசனில் கிளப் படுமோசமாக ஆடி, கடைசி இடத்துக்குப் போய்விட்டது. கடைசி இடத்தில் முடித்தால் அடுத்த வருஷம் லீகில் இடமில்லை. லீக் இல்லாவிட்டால் கிளப் இல்லை. ஜவுளிக்கடையில் நிற்கிற கோல்கீப்பருக்கும், ஆஸ்பத்திரியில் அட்டெண்டண்ட் வேலை பார்க்கிற கேப்டனுக்கும், துறைமுகத்து ஆட்களுக்கும் ஒருவரை ஒருவர் பார்க்க வேறு காரணம் எதுவும் இல்லை. எனக்கும்தான். வாரம் முழுக்க அடுப்படியில் கிடந்தவளுக்கு, வாய்விட்டுக் கத்த அந்த ஒரு இடம்தான் இருந்தது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டத்தில் புதிதாக ஒரு ரெஃப்ரி வந்தார். மலாய்க்காரர். ஜொகூருக்கும் அப்பால் ஏதோ மலாய்க் கிராமத்திலிருந்து அப்போதுதான் சிங்கப்பூருக்கு வந்திருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த மலாய்க்காரர்களுக்கு நம் கூச்சல் பழகிப்போன விஷயம். இவர் தமிழ் வாடையே படாதவர். பாதி ஆட்டத்தில் நாங்கள் வழக்கம்போல "போடு, போடு" என்று ஆரம்பித்ததும் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். முகம் சிவந்துபோய் நேராகக் கரைக்கு வந்தார்.

"ஸியாப்பா போடோ?" என்றார்.

யார் முட்டாள் என்று கேட்கிறார். மலாயில் 'போடோ' என்றால் முட்டாள். தேக்கா மார்க்கெட்டில் தினமும் காதில் விழுகிற சொல்தான். ஆனால் நாங்கள் கத்துகிற கத்தல் இன்னொருவர் காதில் அப்படி விழும் என்று அதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. கூட்டமாகச் சேர்ந்து தன்னை முட்டாள், முட்டாள் என்று திட்டுவதாக அந்த மனிதர் நினைத்துவிட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் எப்படி நானாக இருப்பேன்? சந்தை மலாயில் விளக்கம் சொல்லப் போனேன். "புக்கான் போடோ, துவான். போடு. ஓராங் தமிழ் சாக்காப் போடு." போடோ இல்லை ஐயா, போடு, தமிழர்கள் போடு என்று சொல்வார்கள் என்பது என் விளக்கம். தமிழர்களெல்லாம் உன்னை முட்டாள் என்கிறார்கள் என்று அவருக்குக் கேட்டிருக்கும். இன்னொரு தரம் அந்த வார்த்தை காதில் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி வெற்றியை எதிர் டீமுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கேப்டனிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது.

கடைசி ஆட்டத்துக்கும் அவர்தான் ரெஃப்ரி என்று தெரிந்ததும் கேப்டன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இந்த ஒரு மேட்சுக்கு யாரும் வாயத் திறக்கக் கூடாது. நீங்க வராம இருந்தாகூட நல்லதுலா."

"வருவேன். கத்த மாட்டேன்."

"சத்தியமா?"

"ஜெர்சிய துவைக்கிறவ நான். என்கிட்டயே சத்தியமா?"

போடுக்குப் பதிலாக வேறு வார்த்தை பார்க்கலாமே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். 'அடி' என்றால் சண்டை மூட்டுவதாகிவிடும். 'உதை'யும் அப்படித்தான். அதோடு, பழகின வாய் அவசரத்தில் எதைச் சொல்லும் என்று யார் கண்டது? ஒன்றுமே வேண்டாம் என்று கேப்டன் முடித்துவிட்டார். எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது.

எதிர் டீம் நேவல் பேஸ் பக்கத்து ஆட்கள். நாங்கள் ஜெயித்தே ஆகவேண்டும், டிரா போதாது. ஒரு கோல் அவர்கள் போட்டார்கள், ஒரு கோல் எங்கள் லெஃப்ட் விங் போட்டார். அதற்குக்கூட நாங்கள் கை மட்டும்தான் தட்டினோம். கரையில் அத்தனை பேர் நின்றும் சாவு வீடு மாதிரி இருந்தது. நான் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிகிற நேரம். நடுவிலிருந்து ஒரு பந்து டிஃபெண்டர் தலைக்கு மேலே போய், சரியாக என் வீட்டுக்காரர் காலில் விழுந்தது. நான் அந்த டிஃபெண்டருக்கு நேராகத்தான் நிற்கிறேன். ஆப்சைடு இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். எதிரே கோல்கீப்பர் ஒருவர்தான். அவரும் முன்னால் ஓடிவந்து கோலைத் திறந்து வைத்துவிட்டார். முந்தானையைக் கடித்தேன். என் வீட்டுக்காரர் நின்றார். ஒரு நொடிதான், காலைத் தூக்காமல் நின்றார். அதற்குள் கோல்கீப்பர் விழுந்து பந்தை அணைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள்.

எல்லாரும் என் வீட்டுக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னண்ணே ஆச்சு?" என்று கேப்டன் கேட்டார். அழுதுவிடுவார் போல இருந்தது.

"கால் வழுக்கிடுச்சுலா" என்றார் இவர்.

அன்றைக்குத் திடல் காய்ந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து, ஜெர்சிகளை வாளியில் ஊறப்போட்டுவிட்டு, அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"வழுக்கல. நான் பார்த்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"வழுக்கலதான்" என்றார். "நீங்க யாரும் கத்த மாட்டீங்கன்னு தெரியும். தெரிஞ்சும், உன் சத்தம் வரலேன்னதும் கால் தானா நின்னுடுச்சு. ஆப்சைடாக்கும்னு நெனச்சுடுச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. ரெஃப்ரி தன் காதில் விழுந்ததைச் சொன்னார். கேப்டன் கிளப்பைக் காப்பாற்றப் பார்த்தார். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். இத்தனை பேரும் ஒழுங்காக நடந்து ஒரு கிளப் போய்விட்டது. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அடுத்த வருஷம் லீகில் நாங்கள் இல்லை. கோல்கீப்பர் குவீன்ஸ்டவுனில் வீடு கிடைத்துப் போனார். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம். கேப்டன் மட்டும் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார். சாப்பிட உட்கார்ந்ததும் அந்த ஆட்டத்தை எடுத்துவிடுவார்.

"உண்மையச் சொல்லுங்கண்ணே. அன்னிக்கு என்னதான் ஆச்சு?"

"அதான் சொன்னேனே. கால் வழுக்கிடுச்சு."

வாயை மூடச் சொன்ன மனிதர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் இன்னும் ரெண்டு கறித்துண்டு எடுத்து கேப்டன் தட்டில் வைப்பேன்.