நான்காம் ட்ரெஞ்ச்சும் செல்வியின் கல்லும்

லண்டனில் கட்டிடம் கட்ட மூன்று பேரின் சம்மதம் வேண்டும்: கவுன்சில், வங்கி, ஐயர். இவர்களில் ஐயர்தான் சீக்கிரம் சம்மதிப்பார். சிக்கலும் அங்கேதான் தொடங்கும்.

ஓய்வு பெறும்வரை என் தொழில், கட்டிடம் எழும்புவதற்கு முன் அந்த மண்ணுக்குள் பழைய காலத்து மிச்சங்கள் உண்டா என்று வெட்டிப் பார்ப்பது. பழைய ஊர்ப் பகுதி என்றால் கவுன்சில் அனுமதியோடு ஒரு நிபந்தனையும் போடும். முதலில் சில இடங்களில் ட்ரெஞ்ச் என்று நீளமான சோதனைக் குழி வெட்டிப் பார்க்க வேண்டும்; அதற்குமுன் யாரும் மண்ணில் கை வைக்கக் கூடாது. செலவு கட்டுபவருடையது. ஆகவே, தேடச் சொல்லிக் காசும் கொடுத்துவிட்டு, ஒன்றும் அகப்படக் கூடாது என்று கோயிலில் நேர்த்தியும் வைக்கிற வாடிக்கையாளர்கள் எங்களுக்கு மட்டுமே வாய்ப்பார்கள்.

தவம் அப்படி ஒருவர். பாரிஸில் பல வருடம் கடை நடத்திவிட்டு லண்டன் வந்தவர். கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற பழைய ஊரில், ஒரு கார் கராஜை வாங்கியிருந்தார். கீழே கடைகள், மேலே பிளாட்டுகள், உச்சி மாடியில் அவரும் மனைவி செல்வியும் என்பது திட்டம். முதல் சந்திப்பில் என்னை ‘மேடம்’ என்றார். நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள் என்று தெரிந்ததும் ‘அக்கா’ ஆனேன். எங்கட ஆள் என்றால் ட்ரெஞ்ச்சில் பாதி குறையும் என்று நினைத்திருப்பார்.

ஐந்து ட்ரெஞ்ச்சுகளுக்குப் படம் போட்டிருந்தேன். கவுன்சிலின் தொல்லியல் ஆலோசகர் ஹெலன் அதை ஒப்புக்கொண்டிருந்தார். முதல் மூன்றிலும் செங்கல் உடைவும் எண்ணெய்க் கறையும் ஒரு துருப்பிடித்த டோஸ்டரும் கிடைத்தன. தவத்துக்கு முகமெல்லாம் பல். செல்வி எல்லோருக்கும் சாப்பிட ரோல்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். மண் வெட்டும் மெஷின் பின்பக்க மூலைக்குத் திரும்பியதும் தவம் அதன் முன்னால் ஓடிவந்து நின்றார்.

“அக்கா, அந்த மூலையை மட்டும் விட்டுடுங்கோ. அங்க ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“சும்மா… ஒரு இதுதான்.”

நான்காம் ட்ரெஞ்ச் போகவேண்டிய பாதையில், பழைய தரைக்கு நடுவே, புதுச் சீமெந்து சதுரமாகப் பூசியிருந்தது.

“எண்ணெய் பீப்பா ஏதும் தாட்டிருக்கிறியளோ?”

“ஐயோ, இல்லை.”

“அஸ்பெஸ்டஸ்?”

“சீச்சீ.”

“ஆளைக் கீளை?”

செல்வி ரோல்ஸ் தட்டைக் கார் மேல் வைத்தார். “உண்மையைச் சொல்லித் துலையுங்கோவன். கல்லு வைச்சனாங்கள் அக்கா. தை மாசம், நல்ல நேரம் பாத்து.”

ஐயர் வந்திருக்கிறார், குழி வெட்டியிருக்கிறார்கள், செம்பில் நவதானியமும் சில்லறையும் போட்டு இறக்கி, மேலே அத்திவாரக் கல் வைத்திருக்கிறார்கள். நிபந்தனையில் மண்ணைத் தொடாதே என்று எழுதியிருந்தது. ஐயருக்கு அதன் பிரதி போகவில்லை.

“கல்லை ஒரு காலமை தூக்கி வைப்பம்,” என்றேன். “வெட்டிப் பாத்திட்டு மத்தியானமே அதே இடத்தில திருப்பி வைக்கலாம்.”

“கல்லைக் கிளப்பினா நான் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டன்,” என்றார் செல்வி. “பாரிஸில கல்லு வைக்காமல் துவங்கின கடை, எரிஞ்சுபோச்சு.”

“அது வயரிங் பிழையப்பா,” என்றார் தவம்.

“கல்லு வைச்சிருந்தா வயர் பத்தியிருக்குமோ?”

இதற்குரிய பதிலை எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத் தரவில்லை. ஆனால் நடைமுறை தெரியும். மறைத்தால் பிறகு எல்லோருக்கும் கேடு. அவர்கள் முன்னாலேயே ஹெலனுக்குப் போன் செய்தேன். அந்த நிமிடமே தவத்துக்கு மறுபடியும் மேடம் ஆனேன்.

மறுநாள் ஹெலன் வந்து, சீமெந்தின் ஓரத்தில் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தார். தவம் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு தானும் கைகூப்பினார். குழி ஆழமில்லை, அண்மையில் நிரப்பிய மண்ணில்தான் வெட்டியிருக்கிறது, சேதம் எதுவும் தெரியவில்லை என்றார் ஹெலன். எழுத்தில் ஒரு கண்டிப்பு வரும். ட்ரெஞ்ச்சை வேண்டுமானால் இடம் மாற்றலாம். நீளத்தைக் குறைக்க முடியாது.

கல்லைத் தூக்குவதே நல்லது என்று மறுபடியும் சொன்னேன்.

“மாத்துங்கோ,” என்றார் செல்வி.

“மாத்துங்கோ அக்கா,” என்றார் தவம். மேடம் அதோடு போயிற்று.

காணியின் நடுப்பக்கத்தில் மாற்றி வெட்டினோம். சிறிது ஆழத்தில் மெஷினின் வாளி எதிலோ உரசி நின்றது. இறங்கி மண்ணைச் சுரண்டினேன். சுண்ணக் கல்லும் சக்கிமுக்கிக் கல்லும் வைத்துக் கட்டிய சுவர், மத்திய காலத்தது. தவம் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்.

“கொங்கிறீட்தானே அக்கா?”

“அந்தக் காலத்தில ஆர் கொங்கிறீட் போட்டது, தவம்?”

“உடைஞ்சுதானே கிடக்கு. வேண்டாமெண்டு விட்டிட்டுப் போயிருப்பினம்.”

ஹெலனுக்கு அன்று பிறந்தநாள் போல இருந்தது. சுவர் எங்கே போகிறது என்று பார்க்கப் பல மாதம் அகழ்ந்தோம். கல் இருந்த சதுரத்தை மட்டும் விட்டுவிட்டு அந்த மூலையையும் திறந்தோம். அங்கே இருந்தது கராஜின் பழைய பெட்ரோல் தாங்கியைப் புதைத்திருந்த பெரிய குழி. தாங்கியை எடுத்துவிட்டுக் கண்ட மண்ணையும் போட்டு நிரப்பியிருந்தார்கள். ஐயர் குறித்துக் கொடுத்த புனித மண் அதுதான். நான் முதலில் போட்ட நான்காம் ட்ரெஞ்ச் முழுவதும் அந்தக் குழிக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஐந்தாவது ட்ரெஞ்ச்சிலும் எதுவும் இருக்கவில்லை.

அறிக்கையில் அது வரத்தான் போகிறது. முதலில் தவத்திடம் வாயால் சொன்னேன்.

“அப்ப, கல்லை அண்டைக்கு ஒரு காலமை தூக்கி வைச்சிருந்தா…?”

“ஓம்.”

“ஒண்டுமே அம்பிட்டிராதோ?”

“ஓம்.”

அவர் திரும்பி, செல்வி எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, “இதை அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ,” என்றார்.

சுவரை மண்ணுக்குள்ளேயே பாதுகாத்து வைக்கச் சொல்லிவிட்டது கவுன்சில். கட்டிடம் வீதிப் பக்கமாக நகர்ந்தது. பிளாட்டுகள் சில குறைந்தன. கட்டிடக் கலைஞருக்குப் பின் மூலையில் எதையாவது போடவேண்டியிருந்தது, போட்டார்.

குடிபுகுதலுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் செல்வி என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கையில் வாழையிலைக் குப்பை கட்டிய கறுப்புப் பை. கல் இருந்த மூலையில் இப்போது ஒரு கதவு. உள்ளே ஆளுயரக் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. நான் ஏச்சுக்குத் தயாரானேன்.

“கல்லு அசையேல்லைத்தானே அக்கா?”

“அசையேல்லை.”

“அது காணும், வேறென்ன வேணும்.”

வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குப்பைப் பையோடு உள்ளே போனார்.

நடைமுறை தெரிந்துகொள்ளுங்கள் என்று இளையவர்களுக்கு எப்போதும் சொல்வேன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று இருக்கும். எல்லாம் நிபந்தனைத் தாளில் வராது. பையைத் தூக்கித் தொட்டிக்குள் போட நானும் ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.