பதினெட்டுப் புள்ளி ஆறு

ஒருவருக்கு என்ன நோய் என்று டாக்டர் சொல்வார். அந்த நோய்க்கு என்ன நம்பர் என்று சொல்வது என் தொழில். சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில், பிரிண்டருக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே எனக்கு ஒரு மேசை உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ஃபைலைப் படித்து, நோய்க்குரிய கோடு எண்ணைப் போட்டு, காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்புவேன். அங்கிருந்து அனுமதி வந்தால்தான் அவர்கள் இங்கே படுக்கையில் படுத்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ள முடியும். எண் தப்பினால் படுக்கை கிடையாது. விண்ணப்பம் எழுதிப் போட்டு, ‘சரியாகப் பூர்த்தி செய்யவும்’ என்று அது திரும்பி வந்து, அதே வரிசையில் மறுபடியும் போய் நின்றவர் நீங்கள் என்றால் நாம் சொந்தக்காரர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியும்.

என்ன கோடு?

வேலை கிடைத்ததும் வீட்டுக்காரம்மாவுக்கு அல்வா கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன வேலை என்று கேட்டார். மெடிக்கல் கோடிங் என்றேன். மெடிக்கல் ஷாப்பா என்றார். இல்லை, உலகத்தில் உள்ள ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கோடு இருக்கிறது, அமெரிக்காவில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தாலும் வாசுதேவநல்லூரில் ஒருவருக்கு வந்தாலும் ஒரே கோடுதான், டாக்டர் எழுதியதைப் பார்த்து நான் அதைப் போட வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். புரியவைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கப் போனபோது குழாயடியில் அவர் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “நம்ம மாடில இருக்க கோமதி ஆஸ்பத்திரில கோடு போடுதாளாம். ஸ்கேலு பென்சிலெல்லாம் அவங்களே குடுத்திருவாங்க போல.”

எச்.டி.

சேர்ந்த முதல் மாதம். மாடசாமி அண்ணாச்சியின் ஃபைல் வந்தது. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். ஃபைலில் டாக்டர் ‘எச்.டி., வாரம் மூன்று முறை’ என்று சுருக்கமாக எழுதியிருந்தார். எங்கள் பிரிவில் அதற்கு ஹீமோடயாலிசிஸ் என்று அர்த்தம். ஆனால் நான் படித்த பயிற்சி நிலையத்தில் சுருக்கெழுத்துப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்வார்கள். அதில் எச்.டி. என்றால் ஹேன்சன் டிசீஸ், அதாவது தொழுநோய். ஒப்பிப்பதில் நான்தான் முதல் மாணவி. கொஞ்சமும் யோசிக்காமல் தொழுநோய்க்குரிய எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் போன் அடித்தது. காப்பீட்டு அலுவலகத்து டாக்டர். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டார்: “ஏம்மா, தொழுநோய்க்கு டயாலிசிஸ் பண்ணலாம்னு எந்த ஊர்ல கண்டுபிடிச்சிருக்காங்க? சொன்னா நாங்களும் தெரிஞ்சிக்குவோம்.”

எழுதாதது இல்லாதது

எங்கள் தொழிலில் முதல் பாடம் இதுதான்: டாக்டர் எழுதாதது எதுவும் நடக்கவில்லை. நோயாளி கண் முன்னால் மிஷினோடு படுத்திருக்கலாம். இரண்டு குழாயிலும் ரத்தம் ஓடலாம். ஃபைலில் வார்த்தை இல்லையென்றால் எங்களைப் பொறுத்தவரை அவர் சும்மா படுத்திருக்கிறார். அண்ணாச்சிக்கு அடுத்த முறை அனுமதி கேட்டபோது, டாக்டர் ‘நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்று ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து எழுதியிருந்தார். நோய் எந்த நிலை என்று எழுதவில்லை. நிலை எழுதாத நோய்க்கு என்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு டயாலிசிஸ் கிடைக்காது.

திருநெல்வேலியிலிருந்து வாரம் இரண்டு நாள் வரும் டாக்டர் அவர். அன்றைக்குக் காரில் ஏறப் போய்விட்டார். ஓடினேன். “டயாலிசிஸ் பண்ணுறவருக்கு வேற என்ன ஸ்டேஜும்மா இருக்கும்? உனக்கே தெரியாதா?” என்றார். “தெரியும் சார். ஆனா எனக்குத் தெரியும்ங்கதுக்கு ஒரு நம்பர் இல்ல சார்” என்றேன். சிரித்துவிட்டு, கார் பானெட்டில் ஃபைலை வைத்து எழுதிக் கொடுத்தார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன். என்ன ஓட்டம் என்று அண்ணாச்சி கேட்டார். “ஒங்க நம்பருக்குத்தான் அண்ணாச்சி. பதினெட்டுப் புள்ளி ஆறு” என்றேன். ஆங்கிலத்தில் டாக்டர் என்ன எழுதினார் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எண் மட்டும் அவருக்குப் பிடித்துப் போயிற்று: “பதினெட்டா? ஐயப்பன் நம்பருல்லா! சோலி கெட்டுப் போவாது, அதையே போடு பிள்ள.”

வராதவருக்கும் ஓர் எண்

ஒரு வியாழக்கிழமை அண்ணாச்சி வரவில்லை. சனிக்கிழமை வந்தபோது முகம் வீங்கி, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு முட்டியது. அவர் மனைவி பேச்சியம்மாள் மதினிதான் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். டாக்டர் பிடி பிடியென்று பிடித்தார். ஒரு நாள் தவறியதற்கே இப்படி, இன்னும் இரண்டு நாள் தவறியிருந்தால் ஆளே இருக்க மாட்டீர் என்று பச்சையாகவே சொன்னார். பிறகு ஃபைலில், நோயாளி டயாலிசிஸுக்கு வரவில்லை என்று எழுதினார். அதற்கும் ஓர் எண் உண்டு. போட்டேன்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பேச்சு முடிந்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. மண்டபத்துக்குத் தன் காலால் நடந்து போக வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியது. தான் வராததற்கும் நான் நம்பர் போட்டதைப் பார்த்து அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது: “பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, ‘காப்பி குடிச்சிட்டு இருங்க, நான் நாலு மணி நேரம் ரத்தத்த அலசிட்டு வாரேன்’னு சொல்ல முடியுமா? பொண்ணப் பெத்தவன்னு ஒரு நம்பர் இருந்தா அதப் போடு பிள்ள.”

கடைசி

அனுமதியைப் புதுப்பிக்கும் படிவம் இந்த முறை தமிழில் அச்சாகி வந்தது. நல்ல காரியம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் கையெழுத்துக்காக நீட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். பதினெட்டுப் புள்ளி ஆறுக்குத் தமிழில் ‘நோய்: இறுதிநிலை சிறுநீரகச் செயலிழப்பு’ என்று இருந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. பேனாவை மேசையில் வைத்தார். “எல்லாரும் சேந்து மறைச்சிட்டீங்கள்லா? கடைசின்னு ஆனப்பொறம் நான் எதுக்கு இங்கன வந்து ஊசி குத்து வாங்கணும்?” என்று கேட்டுவிட்டு, மதினிக்காகக்கூடக் காத்திருக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். மருந்து வாங்கப் போயிருந்த மதினி ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஓடினார்.

பழைய அனுமதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கையெழுத்து இல்லாமல் சனிக்கிழமை படுக்கை இல்லை. அந்த வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு ‘ஐந்தாம் நிலை’ என்று மாற்றி, பதினெட்டுப் புள்ளி ஐந்து போட்டுவிடலாமா என்று கை பரபரத்தது. அப்படி மாற்றினால் வார்த்தை மென்மையாக இருக்கும், டயாலிசிஸ் மட்டும் கிடைக்காது. ராத்திரி படுத்தால் அந்தப் படிகளில் அவர் மூச்சு முட்டி நின்றதுதான் கண்ணுக்குள் வந்தது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் லீவு சொல்லிவிட்டு, படிவத்தோடு புளியங்குடி பஸ் ஏறினேன். மண்டியில் காயைக் கொட்டித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மதினி பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தைப் படித்துக் காட்டினேன். “மதினி, இதுல கடைசின்னு போட்டிருக்கது கிட்னிக்குத்தான், அண்ணாச்சிக்கு இல்ல. கிட்னி அது சோலிய முடிச்சிட்டு. இனிமே அந்தச் சோலிய மிஷின் பாக்கும். தவறாம வந்தா வருசக்கணக்கா நல்லா இருக்கலாம். எங்க வார்டுலயே அப்படி ஆளு இருக்காங்க” என்றேன். மதினி கூடையில் காயைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார்.

அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். அனுமதி மாலையே வந்தது, சனிக்கிழமை வழக்கமான படுக்கையில் வந்து படுத்தார். தையில் தன் காலால் மண்டபத்துக்கு நடந்தும் போனார். முகூர்த்தத்தைக்கூட டயாலிசிஸ் இல்லாத ஒரு புதன்கிழமையாகப் பார்த்துத்தான் வைத்திருந்தார். இதெல்லாம் என் விளக்கத்தால் நடந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அன்றைக்கு அவரைப் பேனா எடுக்க வைத்தது, கூடையிலிருந்து தலை நிமிராமலே மதினி சொன்ன பேச்சுதான்: “இங்கேருங்க, மொதத் தரம் டவுனுக்குப் போயி நாலு நாள்ல அழுகிருது. கடைசித் தரந்தான் ஊறுகாய்க்குப் போயி ரெண்டு வருசம் கெடக்கு. இத்தன வருசமா மண்டி வச்சிக்கிட்டு கடைசிக்குப் போயி பயப்படுதீங்களே, போடுங்க கையெழுத்த.”

உலகத்து நோய்க்கெல்லாம் உட்கார்ந்து நம்பர் போட்ட பெரிய மனிதர்கள், ‘கடைசி’ என்று எழுதும் முன் ஒரு நடை புளியங்குடி மண்டிக்கு வந்து கேட்டுவிட்டு எழுதியிருந்தால், எனக்கு அந்த அரை நாள் லீவாவது மிஞ்சியிருக்கும்.