சீட்டின் நான்காவது வரி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகத் துணி தேய்த்துவந்த அந்த அம்மையாரை எல்லாரும் மடிப்பக்கா என்றே அழைத்தனர். அவர் தேய்த்த உடுப்பின் மடிப்பில் காய்கறி நறுக்கலாம் என்று அங்கே ஒரு கேலி உண்டு. அவருடைய நாக்குக்கும் அதே கூர்மை இருந்தபடியால் அந்தக் கேலியை அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஆள் கிடையாது.

மடிப்பக்கா காரணமின்றிக் கோபப்படுகிறவர் அல்லர். எழுதி வைத்தது ஒன்று, நடப்பது வேறொன்று என்றால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வர வேண்டிய பேருந்து ஒருநாளும் ஆறரைக்கு முன் வந்ததில்லை. "ஒன்று பேருந்தைத் திருத்துங்கள், இல்லையேல் நிறுத்தத்தின் நேரப் பலகையைத் திருத்துங்கள்" என்று போக்குவரத்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். நான்காவது கடிதத்துக்குப் பின் பலகையைத் திருத்தினார்கள். அன்றுமுதல், அச்சில் வந்த எழுத்தை அவர் மேலும் உறுதியாக நம்பத் தொடங்கினார். பின்னால் நேர்ந்த துன்பத்துக்கு அந்த நம்பிக்கையே வழி திறந்தது.

குஞ்சு வாங்கும் எண்ணமும் ஒரு கோபத்தில்தான் பிறந்தது. ஒரே வாரத்தில் கடைமுட்டை ஐந்து அழுகிப்போயிருந்தன. கேட்டதற்கு, "முட்டைக்குள்ள எட்டிப் பார்த்து விக்க முடியுமா?" என்று மளிகைக் கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மடிப்பக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"இனிமே முட்டை நம்ம வீட்டுலயே பிறக்கும். கோழி வளர்க்கப் போறேன்" என்று அன்றைக்கே கணவரிடம் அறிவித்தார்.

மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பது அவர் கணவரின் தொழில். மனைவியின் கோபத்துக்குக் குறுக்கே நிற்காமலிருப்பது அவருடைய இன்னொரு தேர்ச்சி. "வீட்டுல ஏற்கெனவே ஒரு சேவல் நான் இருக்கேனேம்மா, போதாதா?" என்றார்.

"நீங்க சேவலா இருந்தா நேரத்துக்கு எந்திரிச்சிருப்பீங்க."

கடைத்தெருவின் கோடியில் ஒரு தீவனக் கடை இருந்தது. அங்கே பன்னிரண்டு குஞ்சுகள் வாங்கினார். பிறந்து இரண்டு நாள்கூட ஆகாதவை. துளையிட்ட அட்டைப்பெட்டியோடு கடைக்காரர் ஒரு மஞ்சள் சீட்டையும் கொடுத்தார். 'குஞ்சு வளர்ப்போர் கவனத்திற்கு' என்பது அதன் தலைப்பு. பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்ற சத்தம் கேட்கக் கேட்க, மடிப்பக்கா அந்தச் சீட்டை மூன்று முறை படித்தார். நான்கே வரிகள். பெரிய பெட்டியில் விட வேண்டும். தரையில் மரத்தூள் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும். ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும். நான்காவது வரி: 'இரவும் பகலும் விளக்கு எரிய வேண்டும்.'

அவர் அவ்வளவையும் எழுத்துப் பிசகாமல் செய்தார். குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியைக் கூடத்தின் மூலையில் வைத்தார். தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கிய மரத்தூளைச் சலித்துப் பரப்பி, கனத்தை விரல் வைத்தே அளந்தார். விளக்கில் மட்டும் கணவர் குறுக்கிட்டார்.

"அந்தப் பழைய குண்டு பல்பையா தேடுறே? அது கரண்டைக் குடிக்கும்மா. எல்இடி போடு. நாள் முழுக்க எரிஞ்சாலும் மீட்டர் அசையாது."

கடையில் இருந்தவற்றுள் பளிச்சென்று எரியும் எல்இடி விளக்காகப் பார்த்து வாங்கிப் பெட்டியின் மேலே கட்டினார்கள். கூடம் வெண்மையாகப் பொங்கி வழிந்தது. மாடியில் குடியிருந்த நாத்தனார் படியில் பாதி இறங்கி நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணி, கூடத்துல விமானம் இறங்கப் போகுதா?"

"இறங்கினா முதல் டிக்கெட் உனக்குத்தான்" என்றார் மடிப்பக்கா. அன்று அவர் கோபமே இல்லாமல் உறங்கச் சென்றார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

காலையில் பெட்டியைப் பார்த்தபோது, உயிருள்ள குஞ்சுகள் எட்டும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அடைந்திருந்தன. அவற்றின் கீழே நசுங்கியும், சற்றுத் தள்ளி விறைத்தும் நான்கு குஞ்சுகள் இறந்து கிடந்தன. விளக்கு அவற்றின்மேல் குறையின்றி எரிந்துகொண்டிருந்தது.

மடிப்பக்கா அழவில்லை. இறந்தவற்றை ஒரு கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டு, கடை திறக்கும் நேரத்துக்குத் தீவனக் கடை வாசலில் நின்றார்.

"சீட்டுல உள்ளபடிதான் எல்லாம் செஞ்சேன். நாலு போயிடுச்சு. மிச்சம் எட்டும் நல்லா இல்லை. என்ன குறைன்னு சொல்லுங்க."

கடைக்காரர் தவிட்டு மூட்டையை அவிழ்த்துக்கொண்டே, கைக்குட்டையைத் திரும்பியும் பாராமல் பேசினார். "மத்தவங்க வாங்கிட்டுப் போனதெல்லாம் ஓடியாடித் திரியுதும்மா. குஞ்சு மேல தப்பில்லை. சீட்டு மேலயும் தப்பில்லை. அப்ப மிச்சம் யாரு? சில பேர் கைக்கு உயிர் நிக்காது. கைராசின்னு ஒண்ணு இருக்கில்ல?"

கை என்று அவர் சொன்னது எந்தக் கையை? நோயாளிகளின் விரிப்புகளை மலையெனத் தேய்த்துத் தேய்த்து, விரல் நுனிகளில் ரேகை மழுங்கிப்போன கை. ஒரு நாளும் ஒரு துணியைத் தீய்த்தறியாத கை. அந்தக் கைக்கு ராசியில்லை என்று, தவிடு படிந்த தம் கையைத் தட்டிக்கொண்டே ஒருவர் தீர்ப்பு வழங்கினார். விற்றவருடைய பொறுப்பையெல்லாம் வாங்கியவருடைய உள்ளங்கையில் சுமத்திவிட இத்தனை எளிய சொல் வேறெதுவும் இல்லை. மடிப்பக்கா கைக்குட்டையை மீண்டும் பொதிந்துகொண்டு கடைப்படி இறங்கினார்.

வீடு திரும்பி, இருந்த இடத்திலேயே ஒடுங்கிக் கிடந்த எட்டுக் குஞ்சுகளுக்கும் தண்ணீர் மாற்றிவைத்தார். செய்தி அதற்குள் மாடிக்கு எட்டியிருந்தது.

"நான் அப்பவே நினைச்சேன் அண்ணி. நீங்க வெச்ச மணிப்பிளான்ட்கூடப் பட்டுப்போச்சே" என்றார் நாத்தனார்.

"நீ தினமும் அதுல காப்பித் தண்ணியைக் கொட்டினா காடே பட்டுப்போகும்!"

இந்தப் பதிலால் தொண்டைக்கு ஆறுதல் கிடைத்ததே தவிர, நெஞ்சுக்குக் கிடைக்கவில்லை. உண்மையிலேயே தம் கையில்தான் குறையோ என்ற ஐயம் பேருந்தில் அவரோடு ஏறிக்கொண்டு சலவைக்கூடம் வரைக்கும் வந்தது.

அங்கே, வழக்கம்போல இஸ்திரிப் பெட்டியைச் சுடவைத்தார். வழக்கம்போல, முதல் துணியில் வைக்கும் முன்பாக அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்தார். பெட்டியில் சூட்டைக் காட்டும் சிவப்புப் பொத்தான் இருந்தது. அது எரிந்துகொண்டும் இருந்தது. ஆனால் பொத்தானை நம்பி அவர் ஒருநாளும் துணி தேய்த்ததில்லை. பொத்தான் வெளிச்சம் காட்டும். சூடு எவ்வளவு என்று கைதான் சொல்லும்.

பிடித்த கை பிடித்தபடியே நின்றது. குஞ்சுப் பெட்டிக்குள் இந்தக் கையை ஒருமுறையாவது நீட்டிப் பார்த்தோமா? மரத்தூளை விரலால் அளந்தோம். தண்ணீரைக் கண்ணால் அளந்தோம். விளக்கு எரிகிறது என்று பார்த்ததும் விட்டுவிட்டோமே!

மேற்பார்வையாளரிடம் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினார். வீட்டை அடைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் விளக்குக்குக் கீழே கையை நீட்டினார். கண் கூசும் அந்த வெளிச்சத்தில் ஒரு துளிச் சூடுமில்லை. நிலவொளியில் துணி உலர்த்துவதைப் போன்ற கூத்து அது. தாய்க்கோழியின் இறகுக்குள் கிடந்திருக்க வேண்டிய உயிர்களை வெறும் வெளிச்சத்தில் குளிக்கவைத்திருக்கிறோம் என்று புரிந்தபோது, எட்டுக் குஞ்சுகளில் இன்னும் ஒன்று அசைவற்றுக் கிடந்தது.

மிஞ்சியவை ஏழு. அந்த ஏழையும் விட்டுவிட்டால் கடைக்காரரின் தீர்ப்பே நிலைத்துவிடும்.

இரண்டு பெரிய புட்டிகளில் வெந்நீர் ஊற்றி, துவாலை சுற்றிப் பெட்டிக்குள் படுக்கவைத்தார். ஏழும் அவற்றின் பக்கம் தடுமாறி வந்து ஒட்டிக்கொண்டன. அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றியபடியே கணவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"எல்இடி மன்னரே! உங்க மீட்டர் அசையலை. குஞ்சும் அசையலை. குண்டு பல்பு இல்லாம வீட்டுப் படி ஏறாதீங்க!"

கணவர் மூன்று கடைகளில் கேட்டார், எங்கும் கிடைக்கவில்லை. முடிவில், தாம் பழுதுபார்க்கும் ஒரு பழைய கட்டடத்தின் உச்சியில், மின்தூக்கிப் பொறி இருக்கும் அறையில், தூசி மூடிய குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. காவலாளியிடம் சொல்லிவிட்டு அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதற்கு மாற்றாக வேறு விளக்கைப் பொருத்திவிட்டு, குற்றவாளியின் முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"வெளிச்சம் குறைவா இருக்கேம்மா" என்றார் மெதுவாக.

"குஞ்சு என்ன பரீட்சைக்கா படிக்குது? பேசாமப் பிடிங்க!"

இரும்புச் சங்கிலியில் அந்த விளக்கை உறுதியாகத் தொங்கவிட்டனர். மடிப்பக்கா மரத்தூள் மட்டத்தில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு கண்ணி இறக்குங்க... அதிகம், அரைக்கண்ணி ஏத்துங்க" என்று கட்டளையிட்டார். அரைக்கண்ணி என்று ஒன்று சங்கிலியில் கிடையாது என்பதைச் சொல்லும் துணிவு கணவருக்கு அன்று இல்லை. குஞ்சுகள் விளக்குக்கடியில் குவிந்தால் ஒரு கண்ணி இறக்கினார். வாயைப் பிளந்துகொண்டு ஓரத்துக்கு ஒதுங்கினால் ஒரு கண்ணி ஏற்றினார். மறுநாள் காலையில் ஏழும் சிறகைத் தளர்த்திக்கொண்டு, உலர்த்தப் போட்ட கைக்குட்டைகளைப் போல ஆளுக்கோர் இடத்தில் உறங்கிக்கொண்டிருந்தன.

கோபம் அதோடு தணிந்திருந்தால் அவர் மடிப்பக்கா அல்லர். நான்கு நாள் பொறுத்தார். ஏழும் தீவனத்தைச் சிதறடித்து ஒன்றையொன்று துரத்தத் தொடங்கியதைக் கண்ணாரக் கண்டபின், சலவைத் துணிகளில் குறி போடும் அழியா மைப் பேனா ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தீவனக் கடைக்குச் சென்றார்.

கடையில் மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர் குஞ்சுப் பெட்டியையும் மஞ்சள் சீட்டையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம். உங்க வீட்டுல என்ன பல்பு?" என்று மடிப்பக்கா வழிமறித்தார்.

"எல்இடிதான். ஏன், எல்லா வீட்லயும் அதானே?"

மடிப்பக்கா கடைக்காரரிடம் திரும்பினார். "கேட்டீங்களா? இவர் கைக்கும் நாளைக்கு ராசி இருக்காது."

"இருபது வருஷமா இதே சீட்டுதாம்மா கொடுக்கறேன்" என்றார் கடைக்காரர்.

"இருபது வருஷத்துல ஊரே பல்பை மாத்திடுச்சு. நீங்க ஒரு வரியை மாத்தலை. அப்பெல்லாம் விளக்குன்னா சுடும். இப்ப சுடாது. குஞ்சு கேட்டது சூட்டை. நீங்க எழுதினது விளக்கை."

பேசிக்கொண்டே கடைக்குள் நுழைந்து, அங்கே குஞ்சுகள் இருந்த கூண்டுக்குள் உள்ளங்கையை நீட்டினார். இதமாகச் சுட்டது. மேலே, கண்ணாடி பழுத்துக் கறுத்த குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"உங்க குஞ்சுக்கு மட்டும் இது எப்படி வந்துச்சு?"

கடைக்காரர் அந்த விளக்கை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல் அண்ணாந்து பார்த்தார். "அது... அப்பா காலத்துல மாட்டினது. கெட்டுப்போகலை, அதனால மாத்தலை." அவர் மறைத்ததாகத் தெரியவில்லை. தம்முடைய குஞ்சுகள் ஏன் பிழைத்தன என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மடிப்பக்காவுக்கு அது வஞ்சகத்தைவிடக் கூடுதலாக எரிச்சலூட்டியது. அறியாதவர்தாம் அவரிடம் அத்தனை உறுதியாகத் தீர்ப்புச் சொன்னார்!

மேசைமேல் மஞ்சள் சீட்டுகள் கட்டாக இருந்தன. மடிப்பக்கா முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, கட்டைத் தம் பக்கம் நகர்த்திப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஏம்மா, கடைச் சீட்டுல கை வைக்காதீங்க!"

"கை வைக்கத்தான் வந்திருக்கேன். இந்தக் கையோட ராசியையும் கொஞ்சம் பாருங்க."

முதல் சீட்டைக் கண்ணாடிக்காரரின் கையிலிருந்தே வாங்கினார். நான்காவது வரியில் 'விளக்கு எரிய' என்பதை அடித்தார். அதன் மேலே 'சூடு இருக்க' என்று எழுதினார். கீழே ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தார்: 'உள்ளே கையை வைத்துப் பார்க்கவும்.'

கண்ணாடிக்காரர் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "அப்ப எனக்குக் குண்டு பல்பு எங்கே கிடைக்கும்?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"கிடைக்கிற வரைக்கும் வெந்நீர்ப் புட்டி. துவாலை சுத்தி வைங்க. அரைமணிக்கு ஒரு தடவை மாத்துங்க" என்றார் மடிப்பக்கா, தலை நிமிராமல்.

கட்டு பெரியது. பாதிக்கு மேல் எழுதும்வரை கடைக்காரர் தவிட்டு மூட்டையின்மேல் உம்மென்று உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, மூடியோடு கிடந்த தம் பேனாவை எடுத்தார். மீதிச் சீட்டுகளில் பாதியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

மடிப்பக்கா அவருடைய முதல் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"'சூடு'க்கு ரெட்டைக்கொம்பு போட்டு 'சேடு'ன்னு எழுதியிருக்கீங்க. அடிச்சிட்டு மறுபடி எழுதுங்க!"