ஏழு முழம் முயல்

யூனிஸ் டீச்சருக்கு எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்கும் வியாதி. ஆம்பூரிலிருந்து ஜீவனஹள்ளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அது குணமாகவில்லை. பள்ளியில் அவருக்குக் கிடைத்ததோ விவசாயப் பாடம். முற்றம் முழுக்க சிமெண்ட். தப்பித்தவறி ஒரு புல் முளைத்தாலும் ஒழுங்கீனம் என்று பிடுங்கிவிடுவார்கள்.

தொண்ணூற்றேழில் தலைமையாசிரியர் சீனிவாசராகவனைக் கம்ப்யூட்டர் மோகம் பிடித்தது. பெட்டி வந்து இறங்கிவிட்டது. பாக்கி, அதற்கு ஒரு பீரியட்.

"அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வரார், டீச்சர். விவசாயம்னு காட்ட ஏதாவது இருந்தா காட்டுங்கோ. இல்லேன்னா அந்த பீரியட் கம்ப்யூட்டருக்கு. நீங்க தையலுக்கு."

டீச்சருக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. மண்ணே வேண்டாத விவசாயம் எது என்று மண்டையை உடைத்துக்கொண்டு, முயலில் வந்து நின்றார். கூண்டு, தீவனம், சுத்தம், இனப்பெருக்கம் என்று திட்டம் எழுதிக் கொடுத்தார். கடைசி வார்த்தையைத் தலைமையாசிரியர் சிவப்பு மையால் அடித்தார். "ரெண்டும் பெண்ணாவே இருக்கட்டும். இது ஸ்கூல்."

அட்டெண்டர் நாகேஷ் கன்னடக்காரர். கன்னடத்தில் முயலுக்கு 'மொல' என்று பெயர்; 'மொள' என்றால் முழம். ஆனால் கன்னடம் பேசும்போது நாக்கை நன்றாக மடித்தால்தான் மரியாதை என்பது டீச்சரின் எண்ணம். "நாகேஷ், எரடு மொள பேக்கு" என்று மடித்து அனுப்பினார். நாகேஷ் சிவாஜிநகர் சந்தைக்குப் போய் இரண்டு முழம் மல்லிகையோடு திரும்பினார். தலையில் பூவே வைக்காத சபையைச் சேர்ந்தவர் பூ கேட்கிறாரே என்று அவருக்கும் ஆச்சரியம்தான். ஆனால் அவர் 'ஏன்' கேட்கும் ரகமில்லை.

"என்ன டீச்சர், விவசாயம் பூத்தாச்சா?" என்றார் தலைமையாசிரியர்.

மறுநாள் டீச்சரே போனார். "ரெண்டும் பொட்டைதாம்மா, சத்தியமா!" என்றார் கடைக்காரர். அது பொய்யில்லை. கூடவே இன்னொரு உண்மையும் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

முயல்கள் முட்டைக்கோஸ் இலை தின்றன, மாணவிகளைப் பார்த்து மூக்கை ஆட்டின. ஏன் ஆட்டுகின்றன என்று டீச்சர் ஒரு பீரியட் முழுக்க யோசித்தார். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள், வெள்ளை முயலின் நெஞ்சில் ரோமமே இல்லை.

"இது சொறி, டீச்சர். கடைக்கே வாபஸ் கொட்டு பிடலாம்" என்றார் நாகேஷ்.

"இன்னிக்கே அனுப்பிடுங்கோ. சொறி முயலைக் காட்டறதுக்குச் சும்மாவே இருக்கலாம்" என்றார் தலைமையாசிரியர்.

டீச்சர் கூண்டருகே குந்தினார். ரோமம் உதிரவில்லை, முயலே வாயால் பிடுங்கிப் பிடுங்கி, புல்லோடு சேர்த்து மூலையில் அடுக்கிக்கொண்டிருந்தது. நோய் வந்த பிராணி வீடு கட்டுமா?

"நாளைக்கு வரைக்கும் விடுங்க சார். ஏன்னு தெரியாம எப்படி அனுப்பறது?"

"தையல் நினைவிருக்கட்டும்" என்று அவர் போய்விட்டார். டீச்சர் கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, அந்த மூலையில் வைத்தார். முயல் தன் சேகரிப்பை ஒரு கவளம்கூட விடாமல் அதற்குள் மாற்றியது.

காலையில் இன்ஸ்பெக்டர் வந்தபோது பெட்டிக்குள் ரோமக் குவியல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் மெல்ல விலக்கிப் பார்த்தார். கண் திறக்காத, சுண்டுவிரல் அளவுப் பிறவிகள்.

"எஷ்டு மொல?" என்று எத்தனை முயல் எனக் கன்னடத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் பரவசத்தில் நாக்கை மேலும் மடித்தார். "ஏளு மொள, சார்!"

"ஏழு முழமா? மல்லிகையா, சாமந்தியா?" இன்ஸ்பெக்டர் தமிழிலேயே கேட்டுச் சிரித்தார். "இந்த பாடத்த மட்டும் நிறுத்திடாதீங்க."

"இனப்பெருக்கம் எங்க திட்டத்துலயே இருந்தது சார்" என்றார் சீனிவாசராகவன்.

மறுநாள் நாகேஷ் யாரும் சொல்லாமலே ஏழு முழம் மல்லிகை வாங்கி வந்தார். அதைத் தலையில் வைக்க டீச்சரின் சபை இடம் கொடுக்காது. ஒரு துண்டு கிள்ளிக் கூண்டுக்குள் நீட்டிவிட்டு, அவர் மறுபடியும் குந்தி உட்கார்ந்தார்.

முயல் மல்லிகை தின்னுமா?