முதுகுக்குப் பின்னால் ஒரு கை

ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும்போதும் அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். முஷ்டி மூடியிருந்தால் ‘நிக்கிறேன்’. ஐந்து விரலும் விரிந்தால் ‘கிளம்புறேன்’. “இங்கயுமா? கையை முன்னால கொண்டு வாங்க, மானம் போகுது” என்பாள் பின்னால் நிற்கும் மனைவி.

இரட்டையர் டென்னிஸ்தான் பிழைப்பு. வலையோரம் நிற்பவர் குறுக்கே பாய்வாரா மாட்டாரா என்று, பின்னாலிருந்து சர்வீஸ் போடும் ஜோடிக்குக் காட்டும் சைகை அது. பதினான்கு வருஷத்தில் பதினோரு ஜோடிகள். மச்சான் வைத்த பெயர் ‘அரை ஆட்டக்காரர்’. தனியாக ஆடத் தெரியாதா என்று யாராவது கேட்டால் போச்சு! “தனியா ஆடுறவனுக்குத் தோத்தா திட்ட ஆள் இருக்கா? எனக்கு இருக்கே!”

இப்போதைய ஜோடி இடக்கைக்காரர். இருவருக்கும் பலமான அடி நடுக்கோட்டுப் பக்கம்தான். பலமா அது? வம்பு! நடுவில் வரும் பந்தை “உன்னுது”, “உங்களுது” என்று சம்பந்திகள் மாதிரி விட்டுக்கொடுப்பார்கள். பந்து பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

வயது முப்பத்தெட்டு. அன்று தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம். அதில் ஜெயித்தால் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரிய போட்டிக்குள் நுழையலாம். தோற்றால் ஆட்டத்துக்கே முழுக்கு, வீட்டில் பேசியாயிற்று. ஜெயித்தால் இன்னொரு வருஷம் ஊர் ஊராகப் போகலாமா? “முதல்ல ஜெயிங்க, அப்புறம் சொல்றேன்” என்றிருந்தாள் மனைவி.

ஒரே புள்ளி பாக்கி. அதை ஒருமுறை நடுவில் கோட்டை விட்டாயிற்று, பாவிகள்! மறுபடியும் அதே வாய்ப்பு. பந்தால் வாயை மறைத்துக்கொண்டு இடக்கைக்காரர் கேட்டார்: “அண்ணே, நடுவுல வந்தா யாருது?”

“என்னுது. நீ சர்வீஸைப் போடு.”

மனைவி எப்போதும் சர்வீஸ் போடுபவருக்குப் பின்வரிசையில்தான் உட்காருவாள். பந்தைப் பார்க்கமாட்டாள், அவர் கையைத்தான் பார்ப்பாள். அவர் வலைக்கு முன்னால் குனிந்து நின்றார். முஷ்டி. இந்த மாதிரி நேரத்தில் பதினான்கு வருஷமும் முஷ்டிதான். ‘பயந்தாங்கொள்ளி’ என்று பல்லைக் கடித்தாள். அப்போதுதான் ஐந்து விரலும் விரிந்தன. ஐயோ, அவள் இருக்கையை விட்டே எழுந்துவிட்டாள்!

சர்வீஸ் பறந்தது. திரும்பி வந்த பந்தை நடுவில் பாய்ந்து ஒரே அறை! இப்போது எதிரணிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். அரங்கமே எழுந்து கத்தியது.

மட்டையை அப்படியே போட்டுவிட்டுத் தடுப்பு வேலி வரை ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. “இப்பச் சொல்லு!”

அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இடது கையைப் பின்னால் கொண்டுவந்தாள். முஷ்டி. அவர் முகம் விழும்வரை பொறுத்திருந்து, மெதுவாக ஐந்து விரலையும் விரித்தாள்.