மீனின் வயிற்றில் வெந்தயம்

பரம்பரைச் சைவக்காரனான என்னைப் பிடித்து, மீனின் வயிற்றை வெட்டி உள்ளே என்ன கிடக்கிறது என்று எழுதுகிற வேலையில் போட்டது யாருடைய யோசனை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். ஐம்பதுகளின் கடைசியில், ஒரு கத்தரிக்கோல், ஒரு பெட்டி ஃபோர்மலின் போத்தல்கள், ஒரு கண் மங்கிய நுணுக்குக்காட்டி, பிரேக் பிடிக்காத சைக்கிள் ஒன்று, இவற்றோடு கிளிநொச்சியில் வந்து இறங்கினேன்.

வேலை சொல்லக் கேட்பதற்குச் சின்னதுதான். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து குளங்களில் விட்ட திலாப்பியா, இரணைமடுவில் பெருகிவிட்டது. அது துருசு என்கிற மதகு வழியாக வாய்க்காலுக்கு இறங்கி இளம் நெற்பயிரைத் தின்கிறது என்று வயல் செய்கிற கமக்காரர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். இனி மீன்குஞ்சு விடக்கூடாது, குளத்தில் மீன் பிடிக்கிற அனுமதியையும் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பயிரைத் தின்கிற மீனைப் பிடித்துக் குறைக்கிற ஆளை ஏன் ஐயா துரத்துகிறீர்கள் என்று கேட்டால், "அந்தாளுக்காகத்தானே நீங்கள் குஞ்சு விடுறியள்" என்று பதில் வரும்.

அந்த ஆள் கொக்கிளாய்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கடலோரக் களப்பில் தொழில் படுத்தபோது மனைவியையும் தோணியையும் வலைகளையும் ஏற்றிக்கொண்டு குளத்தடிக்கு வந்து கொட்டில் போட்டவர். அவருடைய அனுமதிப் பத்திரம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதா வேண்டாமா என்பதைக் கொழும்பிலிருந்து வரும் மீன்பிடி இலாகாப் பெரியவர் என் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வார். மீனின் வயிற்றில் நெல் இருந்தால் அவர் தோணியைத் திரும்பவும் வண்டியில் ஏற்ற வேண்டியதுதான்.

மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட கமக்காரர் சங்கக் காரியதரிசியின் வீட்டில்தான் நான் சாப்பாட்டோடு தங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர். என்னைப் போலவே சைவம். வேறு சைவ வீடு பக்கத்தில் இல்லை. மீன் மணத்தோடு படலைக்குள் வரக்கூடாது, கிணற்றடியில் குளித்த பிறகுதான் படியேறலாம் என்பது ஒப்பந்தம்.

முதல் நாள் மீனவரிடம் போய், பிடிக்கிற மீனில் சிலது எனக்குத் தர வேண்டும் என்று சொன்னேன். மறுநாள் காலை பூவரசம் இலையில் சுற்றி அவருடைய மனைவி கொண்டுவந்து தந்தா. பிரித்தேன். செதிள் எடுத்து, குடல் எடுத்து, கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, பொரிக்க வேண்டியதுதான் மிச்சம் என்ற நிலையில் ஆறு மீன்கள்.

எனக்கு வயிறுதான் வேண்டும், மீன் வேண்டாம் என்று விளக்கினேன். அவா மரியாதையாகக் கேட்டு, ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனா. மறுநாள் இன்னும் திறமாகத் துப்புரவு செய்த மீன் வந்தது. தலையும் எடுத்திருந்தது. மூன்றாம் நாள் மேலே பிழிந்துகொள்ளத் தேசிக்காயும் ஒன்று கூட வந்தது. பிறகுதான் விளங்கியது. சைவக்கார உத்தியோகத்தர் ஒளித்து மீன் தின்னப் பார்க்கிறார், வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டுக் குடல் என்று ஏதோ சொல்லுகிறார் என்று கணவனும் மனைவியும் முடிவு கட்டியிருந்தார்கள். குடலைக் கண்டால் எனக்கு மனம் புரளும் என்ற இரக்கம் வேறு.

"நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம் ஐயா," என்று அவா தணிந்த குரலில் சொன்னபோது, ஃபோர்மலினை எடுத்துக் குடித்துவிடலாமோ என்று இருந்தது.

கடைசியில் விடியற்காலையில் நானே தோணியடிக்குப் போய், வலையிலிருந்து கழற்றிய மீனைக் கையோடு வாங்கினேன். நீர்ப்பாசனக்காரரின் கருவிக் கொட்டிலில் பலகை போட்டு, மூக்கைத் துணியால் கட்டி, கண்ணைப் பாதி மூடி வெட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. வாரம் முழுவதும் வெட்டினேன். எல்லா வயிறும் காலி. குளத்து மீன்கள் பட்டினி கிடக்கின்றன என்று ஒரு குறிப்பும் எழுதிவிட்டேன். கடவுள் புண்ணியத்தில் அதை அனுப்பவில்லை.

நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மீனவருக்கு அப்போதுதான் குடல் கதை மெய் என்று உறைத்தது. ஐயா உண்மையாகவே பைத்தியம்தான் என்று அவருக்கு ஒரு நிம்மதி. இந்த மீன் பகலில்தான் மேயும், அந்தியில் போட்ட வலையில் இரவு முழுக்கக் கிடந்தால் தின்றது செரித்துத்தானே போகும் என்றார். படித்த புத்தகத்தில் இருந்ததை மறந்து ஒரு வாரமாக வெறும் குடலை வெட்டிக்கொண்டிருந்தவன் நான். பகலில் பிடித்துத் தாருங்கள் அண்ணை என்று கெஞ்சினேன். பகலில் வலை போட்டால் மீன் பார்த்துச் சிரிக்கும் என்று முணுமுணுத்தாலும் சம்மதித்தார்.

நாலைந்து நாள் குளத்தின் தூரத்துக் கரைகளில் பிடித்தோம். வயிறு நிறையப் பச்சைப் பாசியும் சேறும். குடலோ மீனைப்போலப் பல மடங்கு நீளம். சுருட்டி வைத்த தும்புக்கயிறுபோல வந்துகொண்டே இருந்தது. இறைச்சி தின்னும் விராலுக்குக் குட்டைக் குடல் போதும். பாசி தின்று உடம்பு வளர்க்கிறதுக்குத்தான் இவ்வளவு நீளம் வேண்டும். எனக்கு முதல்முறையாக அந்த மீன்மேல் பாசம் வந்தது. அதுவும் கிட்டத்தட்டச் சைவம்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, கடைசியாகத் துருசடியிலும் சில மீன் பார்ப்போம் என்றேன். பயிருக்குப் போகிற வழி அதுதானே. மீனவர் உச்சிவேளையில் வீச்சு வலையை எறிந்தார். அங்கே மீன் குவிந்து நிற்பதை அவரும் சில நாளாகக் கவனித்து வந்தாராம். நானும் கவனித்திருந்தேன். "துருசடியில் மத்தியானத்தில் மீன் கூட்டம் அதிகம், கொழுத்தவை, காரணம் ஆராயத்தக்கது" என்று என் கொப்பியில் கிடந்தது.

வெட்டினேன். முதல் வயிற்றில் வெள்ளையாகச் சிப்பித் துண்டுபோல ஏதோ. இரண்டாவதிலும் அதே. அந்த நேரம் பார்த்துத்தானா காரியதரிசி ஐயா தண்ணீர் மட்டம் பார்க்க வரவேண்டும்? என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அரிசியெல்லோ தம்பி," என்றார். "நான் சொன்னனான்."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் வாய்க்கால் முழுக்கச் செய்தி. மீனவர் வலையை உதறி மடித்தார். தோணியை ஏற்றப் பக்கத்துக் கண்டாவளையில் வண்டி பிடிக்கலாமோ என்று மட்டும் என்னைக் கேட்டார்.

நான் பலகையில் கிடந்ததை மறுபடி கிளறினேன். இளம் பயிரைத் தின்ற மீனின் வயிற்றில் முற்றிய அரிசி எப்படி வரும்? விரலால் நசித்தேன், குழைந்தது. அவிந்த சோறு. அதோடு மஞ்சள் நிறத்தில் சின்னச் சதுரமாக ஒரு விதை. பல்லில் அகப்பட்டால் கசக்கிற, நான் மூன்று வாரமாகத் தினமும் பார்த்துப் பயப்படுகிற விதை. வெந்தயம். காரியதரிசியின் மனைவியை நான் அக்கா என்பேன்; அவா கத்தரிக்காய்க் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு வெந்தயத்தைக் கை நிறைய அள்ளிப் போடுவா. உடம்புக்குக் குளிர்மையாம்.

காலையில் குடல் வெட்டிய கையால் மத்தியானம் சாப்பிட என்னால் முடிவதில்லை. அக்கா கட்டித் தருகிற வாழையிலைச் சோற்றைத் திருப்பிக் கொண்டுபோனால் அவாவுக்கு மனம் நோகும். ஆகவே தினமும் துருசடிப் படியில் இருந்து சோற்றைத் தண்ணீரில் கொட்டிவிட்டு, இலையைக் கழுவி நல்ல பிள்ளையாக வீடு போவேன். அன்றும் மீனவர் வலையோடு வருவதற்குள் கொட்டியாகிவிட்டது. மீன் கூடியதன் காரணம், கொழுத்ததன் காரணம், ஆராயத்தக்கது என்று எழுதி வைத்த காரணம், எல்லாம் நான்தான்.

சொன்னால் சாப்பாடு போட்ட வீட்டை ஊரின் முன்னால் அவமதிக்க வேண்டும். சொல்லாவிட்டால் மீனவரின் தோணி வண்டியில் ஏறும். இரண்டு நாள் அக்கா பரிமாறியதை ஒரு பருக்கை விடாமல், வெந்தயத்தையும் கடித்து விழுங்கினேன். பரிகாரம் என்று நினைத்தேனோ என்னவோ.

கூட்டம் பாடசாலை மண்டபத்தில். கமக்காரர்கள் உட்காரும் வாங்குகளை நிரப்பியிருந்தார்கள். மீனவர் வாசலுக்கு வெளியே நின்றார். காரியதரிசி எழுந்து, தன் கண்ணால் கண்ட அரிசியைப் பற்றி நல்ல தமிழில் பேசிவிட்டு உட்கார்ந்தார். பெரியவர் என்னைப் பார்த்தார். தூரத்துக் கரை மீன்களின் வயிற்றில் பாசிதான் என்றேன். ஒருவருக்கும் தேவையில்லாத பாசியைத் தின்று, அதில் ஒரு பங்கை நீந்தித் திரிந்து செலவழித்து, மிச்சத்தைச் சதையாக்கித் தருகிற மீன் இது என்றேன். துருசடி மீனின் வயிற்றில் இருந்தது சோறு என்றேன்.

"சோறு எங்காலை வந்தது?" என்று பெரியவர் கேட்டார்.

"நான் கொட்டினது," என்றேன். "காரியதரிசி ஐயா வீட்டுச் சோறு."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. துருசடி மீனின் வயிற்றில் கிடந்ததைப் போட்டு வைத்த போத்தலை நீட்டினேன். காரியதரிசி வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். இது நெல்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முழு மண்டபமும் அவர் பக்கம் நின்றிருக்கும்.

"வெந்தயம் என்ரை வீட்டு வெந்தயம்தான்," என்றார் கடைசியில். "இந்தளவுக்கு வேறை ஒருத்தரும் போடமாட்டினம்." பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எத்தினை நாளாய்?" என்றார்.

"இரண்டு கிழமை மட்டிலை."

பெரியவர் அனுமதிப் பத்திரத்தை ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தார். துருசு வாயில் கம்பி வலை அடிக்கவும் சொன்னார்.

அன்று இரவு அக்கா பரிமாறினா. குழம்பில் வெந்தயம் இல்லை. மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் மத்தியானச் சோற்றுப் பொதிக்காக வழக்கம்போல நின்றேன். அவா அடுப்பைப் பார்த்தபடி சொன்னா: "மீனுக்கு இண்டைக்கு விரதமாம் தம்பி."

வெறுங்கையோடு குளத்துக்குப் போனேன். கருவிக் கொட்டில் வாசலில் பூவரசம் இலைப் பொதி ஒன்று காத்திருந்தது. நன்றிக் கடனாக மீனவரின் மனைவி கொண்டுவந்து வைத்தது. செதிள் இல்லை, குடல் இல்லை, மஞ்சள் தாராளம். என் வேலைக்கும் உதவாது, வயிற்றுக்கும் உதவாது. மத்தியானம் பசி தாங்காமல் துருசடிப் படியில் போய் இருந்தேன். கொழுத்த மீன்கள் நேரம் தவறாமல் வந்து, வாயை மேலே தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. நான் காரியதரிசி வீட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.